"ஒத்துழைப்பு நன்று": தேயிலை லயம் ஒன்றிலிருந்து ஒரு நோய்த்தணிப்பு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் அம்மாவைப் பற்றி எழுதப்பட்ட இரண்டு பதிவுகளிலிருந்து தொடங்குகிறேன். முதலாவது, சமவெளியில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவு எழுதியது: "மூன்றாவது அமர்வுக்குப் பின் வரவில்லை; நோயாளி ஒத்துழைக்கவில்லை." இரண்டாவது, தீராத நோயின் அவதியைத் தணிக்க வீடு வீடாகப் போகும் எங்கள் நோய்த்தணிப்புக் குழுவின் பதிவேட்டில், செவிலியரான நான் என் கையால் எழுதியது: "புண் கழுவிக் கட்டுப் போடப்பட்டது, ஒத்துழைப்பு நன்று." நேர் எதிரான இந்த இரண்டு வரிகளும் ஒரே அச்சத்தைப் பற்றியவை என்பது எங்களுக்கு விளங்க ஏறத்தாழ ஏழு வாரங்கள் ஆயின. அந்த ஏழு வாரங்களையும் அவற்றுக்குப் பின் நடந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். குடும்பத்தின் அடையாளம் தெரியாதிருக்க, ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் நாங்கள் கண்டவற்றைக் கலந்து, ஊர், வயது, உறவு ஆகிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளியும் வீடும்

அறுபதைக் கடந்தவர். கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் கோவில்பட்டிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். ஊரில் இன்று ஒரு குலசாமி கோயிலும் இரண்டு பங்காளி வீடுகளும் மட்டுமே மிச்சம். கணவர், மகன், மருமகள், பள்ளியில் படிக்கும் இரண்டு பேரக் குழந்தைகள் என ஆறு பேரும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரே வீட்டில் இருந்தார்கள். லயத்து வீடு என்றால் ஓர் அறை, ஒரு சமையலறை, முன்னே ஒரு சின்னத் திண்ணை, மேலே தகரக் கூரை. மருமகள் தோட்டத்து வேலையில் இருப்பதால்தான் அந்த வீடு இன்னும் அவர்களிடம் இருந்தது. வேலையில் ஆள் இல்லாத வீட்டைக் காலி செய்தாக வேண்டும் என்பதால், இந்த மலையில் சாகக் கிடப்பவர்கள் எங்களிடம் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் நோயைப் பற்றியது அல்ல, வீட்டைப் பற்றியது.

வெற்றிலையும் புகையிலையும் நாற்பது ஆண்டுப் பழக்கம். இடது கன்னத்தின் உட்புறம் தொடங்கிய புற்று, அறுவைச் சிகிச்சைக்கு எட்டாத நிலையில்தான் கண்டறியப்பட்டது. ஆறேழு வாரங்களுக்குக் கதிர்வீச்சு திட்டமிடப்பட்டு மூன்றே நாளில் நின்றுபோயிற்று. 2024 மார்ச் முதல் வாரத்தில் அவர் எங்கள் பட்டியலுக்கு வந்தபோது கன்னத்தில் புண் வெளியே திறந்திருந்தது. வாய் ஒரு விரல் அகலமே திறந்தது. கஞ்சியும் பால் இல்லாத கட்டஞ்சாயாவும் மட்டும் இறங்கின.

கேரளத்தில் இந்தப் பணி எப்படி நடக்கிறது என்பதை எல்லைக்கு அப்பால் உள்ளவர்களுக்காக ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலி நிவாரண அமைப்பிலிருந்து கிளைத்து, மருத்துவமனையை விட்டுத் தெருவுக்கு வந்து, 2008-இல் மாநில அரசின் கொள்கையாகவே ஆன ஏற்பாடு இது. பஞ்சாயத்து தோறும் ஒரு செவிலியரும் ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளரும் தன்னார்வலர்களும் வண்டியில் வீடு வீடாகப் போகிறார்கள். மலையாளத்தில் சாந்த்வன பரிசரணம் என்பார்கள். எங்கள் லயங்களில் 'பாலியேட்டிவ் வண்டி' என்றால்தான் தெரியும். அந்த அம்மா வீட்டுக்குப் போன எங்கள் குழுவில் நான், மலையாளியான சக செவிலியர், ஓய்வு பெற்ற தோட்டச் சூப்பர்வைசரான ஒரு தன்னார்வலர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை மருத்துவர் என நான்கு பேர் இருந்தோம். நான் போடிப் பக்கத்துக்காரி. வீட்டில் தமிழ், வேலையில் மலையாளம்.

ஒரு சொல்லில் வந்த குழப்பம்

முதல் இரண்டு முறை போனது சக செவிலியர். அவர் வழக்கம்போல "வேதனை உண்டோ அம்மே?" என்று கேட்டிருக்கிறார். மலையாளத்தில் வேதனை என்றால் உடம்பு வலி. தமிழ்க் காதுக்கு வேதனை என்பது மனசு. அந்த அம்மா, "ரொம்ப வேதனையா இருக்கு சிஸ்டர்" என்றார். வலி பத்துக்கு எட்டு என்று பதிவாயிற்று. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் என்றிருந்த வலி மருந்தான மார்ஃபின், மருத்துவரைக் கேட்டு 15 ஆகவும், பின்னர் 20 ஆகவும் உயர்த்தப்பட்டது. மலச்சிக்கலும் பகல் தூக்கமும் கூடினவே தவிர 'வேதனை' குறையவில்லை. திருப்பிப் பார்த்தாலும் இதே சிக்கல்தான்: தமிழர் 'வலி' என்று சொன்னால் மலையாளிக்கு அது இழுப்பது என்ற பொருளில்தான் முதலில் விழும், மூச்சிரைப்பை அவர்கள் வலிவு என்பார்கள். இரண்டு மொழியும் தெரிந்த நானே இதை அதுவரை ஒரு வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மார்ஃபின் அளவு ஒரு சொல்லின் மேல் நிற்கிறது என்பதை அந்த வீட்டில்தான் கண்டேன்.

1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், உறவு, ஆன்மா என நான்கும் சேர்ந்த 'முழு வலி' என்ற கருத்தை இத்துறைக்குக் கொடுத்தவர். அதை நாங்கள் பயிற்சி வகுப்பில் படித்திருக்கிறோம், தேர்வும் எழுதியிருக்கிறோம். எதிரில் இருப்பவர் தமிழில் அதையே ஒற்றைச் சொல்லில் சொன்னபோது அதை மாத்திரைக் கணக்காக எழுதினோம்.

கட்டுப் போட்ட நாள்

மார்ச் கடைசி வாரம் முதல் முறையாகப் புண்ணுக்குக் கட்டுப் போட்டது நான். அவரைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தேன். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்தச் சொன்னேன். உப்புக்கரைசல் வாய்க்குள்ளும் மூக்கிலும் வழியாமல் இருக்க, வாயையும் மூக்கையும் ஒட்டி ஒரு பஞ்சுத் திண்டை வைத்து, தலை அசையாதபடி இடது கையால் நெற்றியை அழுத்திப் பிடித்தேன். துர்நாற்றம் குறைய மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினேன். தன்னார்வலர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். இருபது நிமிட வேலை. அந்த அம்மா ஒரு முனகல்கூட முனகவில்லை. கண்கள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தன; கை விரல்கள் கம்பளியின் ஓரத்தைப் பிடித்தபடி வெளுத்திருந்தன. முடித்து எழுந்திருக்கச் சொன்னபோது சேலை நனைந்திருந்தது. மருந்தில் அசந்து சிறுநீர் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, மருமகளிடம் மாற்றுச் சேலை எடுக்கச் சொல்லிவிட்டு, வண்டியில் ஏறியதும் 'ஒத்துழைப்பு நன்று' என்று எழுதினேன்.

அச்சம் கத்தவும் வைக்கும், ஓடவும் வைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தப்ப வழியில்லை என்று உடம்பு முடிவு செய்துவிட்டால் அது உறைந்துபோகவும் செய்யும். உறைந்தவர் நல்ல நோயாளியாகத் தெரிவார். தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் 'சரிங்க சார்' என்று சொல்லிப் பழகியவரிடம் இது இன்னும் கடினம். எதைக் கேட்டாலும் சரி என்றார். எதைச் செய்தாலும் தடுக்கவில்லை. இணக்கமும் பணிவும் ஒன்றல்ல என்பதைச் செவிலியர் படிப்பில் எங்களுக்கு யாரும் பிரித்துச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்றிரவிலிருந்து அவர் தூங்கவில்லை. நள்ளிரவுக்கு மேல் விருட்டென்று எழுந்து உட்கார்வார், கழுத்தைத் தடவுவார், கம்பளியை உதறுவார், கட்டைப் பிய்த்து எறிவார், வாசலுக்குப் போகப் பார்ப்பார். மகன் பயந்துபோய்த் தொலைபேசியில் அழைத்தான். இறுதிக் காலத்தில் நோயாலோ மருந்தாலோ நினைவு தடுமாறும் குழப்பநிலை என்று எடுத்த எடுப்பில் நினைத்தோம். மலம் இறுகியிருக்கிறதா, சிறுநீர் தேங்கியிருக்கிறதா, காய்ச்சல் உண்டா, மார்ஃபின் அளவு மிஞ்சிவிட்டதா என்று பார்த்தோம். மலச்சிக்கலைச் சரிசெய்தோம், மார்ஃபினை மறுபடியும் 15-க்குக் கொண்டுவந்தோம். இரவில் லோராசிபாம் என்ற அமைதியூட்டும் மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் நிலைமை மோசமாயிற்று. எழுந்து உட்காரவும் முடியாமல், தூங்கவும் முடியாமல், பாதி மயக்கத்தில் மூச்சுக்குத் திணறுபவர்போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார் என்று மருமகள் சொன்னாள். இரண்டே இரவில் நிறுத்தினோம்.

பின்னோக்கி எண்ணிய மாதங்கள்

குழப்பநிலையா இல்லையா என்று பார்க்கக் கவனத்தைச் சோதிக்க வேண்டும். மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வது எளிய சோதனைகளில் ஒன்று. பள்ளிக்குப் போகாதவரிடம் டிசம்பர், நவம்பர் என்று கேட்பதில் பொருளில்லை. தமிழ் மாதங்களைக் கேட்டேன். பகலில் தடங்கலில்லாமல் சொன்னார். குழப்பநிலை பகலில் தெளிந்து இரவில் கூடும் தன்மையுடையது என்பதால், இரவு எழுந்து உட்காரும் நேரத்திலேயே கேட்டுப் பார்க்கும்படி மருமகளிடம் சொல்லி வைத்தேன். அந்தப் பெண் எங்கள் குழுவில் யாரைக் காட்டிலும் கவனமானவள். மூன்று இரவுகள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பங்குனி, மாசி, தை, மார்கழின்னு கடகடன்னு வர்றாங்க சிஸ்டர். ஆவணி வரைக்கும் சரியா சொல்றாங்க. அடுத்து ஆனின்னு போயிடுறாங்க. மூணு நாளும் அப்படித்தான்."

ஒரு பிழை இருந்தால் கவனம் சிதறிவிட்டது என்று ஆகாது. ஆகவே 'கவனம் சரி. குழப்பநிலை இல்லை' என்று எழுதினேன். விட்டுப்போனது மூன்று முறையும் ஒரே மாதம் என்பது தாளில் இருந்தது, என் கண்ணில் படவில்லை.

ஏப்ரல் நடுவில் ஒரு மாலை, வண்டியை அனுப்பிவிட்டு அந்த வீட்டிலேயே இருந்தேன். கட்டுப் பிரிக்கும் வேளை. பஞ்சுத் திண்டை எடுத்தபோது, சூப்பர்வைசர் ஐயா அன்று வராததாலோ, கதவு திறந்திருந்ததாலோ, அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முதல் முறையாகச் சொன்னார்:

"வாய மூடாதீங்க தாயி."

"வலிக்குதாம்மா?"

"வலி இல்ல. மூடாதீங்க."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்காமல் இருந்ததுதான் இந்த நிகழ்வில் நான் சரியாகச் செய்த முதல் காரியம் என்று நினைக்கிறேன். பஞ்சை அவர் கையிலேயே கொடுத்தேன். உட்கார்ந்தபடியே, முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை மருமகள் பிடிக்க, வாய்க்குக் கீழே துண்டைத் தானே வைத்துக்கொண்டார். நான் கன்னத்தை மட்டும் கழுவினேன். அவர் கை உயர்ந்தால் நிறுத்துவது என்று பேசிக்கொண்டோம். நான்கு முறை உயர்ந்தது. நான்கு முறையும் நிறுத்தினேன். இருபது நிமிட வேலை நாற்பது நிமிடம் ஆயிற்று.

அதிலிருந்து மாற்றியவற்றைச் சொல்கிறேன். கட்டுப் போடுவதற்கு அரை மணி நேரம் முன்பே மார்ஃபின். படுக்க வைப்பதில்லை, பின்னால் தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைத்துத்தான். மூக்கும் வாயும் எப்போதும் திறந்திருக்கும்படி கட்டைக் காதோடும் உச்சியோடும் சுற்றினோம். தொடுவதற்கு முன் தமிழில் சொல்வோம், அவர் தலையசைத்த பிறகே தொடுவோம். கம்பளி மார்புக்கு மேலே வராது. இரவில் வாசல் கதவு ஒரு சாண் திறந்தே இருக்கும். குளிருக்குக் குழந்தைகள் சமையலறைப் பக்கம் படுத்துக்கொண்டார்கள். தன்னார்வலரை மாற்றினோம். அவர் நல்ல மனிதர், பல வீடுகளுக்குச் சொந்தக் காசில் அரிசி வாங்கிக் கொடுப்பவர். ஆனால் அந்த அம்மாவை முப்பது ஆண்டுகள் மஸ்டரில், அதாவது காலை வருகைக் கணக்கெடுப்பில், பேர் சொல்லிக் கூப்பிட்டவர் கதவோரம் நிற்கும்போது, அவரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. அவருக்குப் பதில், அதே செடி வரிசையில் கொழுந்து எடுத்த அடுத்த லயத்து அக்கா ஒருவர் வந்தார். ஐயாவிடம் இதைச் சொல்வதற்கு எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் போற வீடெல்லாம் இப்படித்தான் இருக்குமோ" என்று மட்டும் கேட்டார்.

மே முதல் வாரத்துக்குள் அவர் தொடர்ச்சியாக நான்கு மணி நேரம் தூங்கினார். மார்ஃபின் 10-க்கே திரும்பியது. இந்தத் தேதி முக்கியம். அவருக்கு முன்பு என்ன நடந்தது என்பது அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. கதை தெரிவதற்கு முன்பே இரவுகள் சீராகத் தொடங்கியிருந்தன.

'உளக்காயம் உணர்ந்த பராமரிப்பு' என்று இன்று பேசப்படுவதில் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இது. காயத்தை வெளியே கொண்டுவர வேண்டும், அழ வைக்க வேண்டும், பேசினால் பாரம் இறங்கும் என்று நல்லெண்ணம் உள்ளவர்கள் நினைக்கிறார்கள். பேரழிவுக்குப் பின் எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததை ஒரே அமர்வில் சொல்லச் செய்யும் முறை ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. அது பயன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்கிறது என்று கண்டு உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. அந்நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பார், கேள், இணைத்து வை என்ற மூன்றோடு நிற்கிறது. பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்கிறது. அமெரிக்காவில் மனநலத்துக்கும் போதைப் பழக்கச் சிகிச்சைக்குமான அரசு அமைப்பான சாம்சா 2014-இல் வகுத்த நெறியும், காயம் எவ்வளவு பரவலானது என்று உணர்வது, அடையாளங்களைக் கண்டுகொள்வது, அதற்கேற்ப நடந்துகொள்வது, மறுபடி காயப்படுத்தாதிருப்பது என்றுதான் சொல்கிறது. தோண்டி எடுப்பது அந்த நான்கில் இல்லை. 'தோண்டித் துருவி' என்ற சொல்லாட்சியையே இந்த வீட்டுக்குப் பிறகு என்னால் சகஜமாகப் பயன்படுத்த முடியவில்லை.

கணவர் சொன்னது

மே நடுவில், திண்ணையில் பீடி பற்ற வைத்தபடி, நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது கணவர் சொன்னார். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, ஓர் ஆடி மாத இரவில் லயத்துக்குப் பின்னால் இருந்த மண் சரிந்து கடைசி இரண்டு வீடுகள் மேல் விழுந்தது. குழந்தை அன்று பாட்டி வீட்டில் இருந்தது. இவரும் பக்கத்து ஆட்களும் வெறுங்கையால் மண்ணை அள்ளினார்கள். விடிவதற்குள் மனைவியை எடுத்துவிட்டார்கள். வாய்வரை மண் இருந்தது. அவர் கையைப் பிடித்தபடி படுத்திருந்த ஏழு வயது மகள் கிடைத்தபோது உயிர் இல்லை. செத்தது ஒரே ஓர் ஆள் என்பதால் செய்தித்தாளில் இரண்டு வரி வந்ததாம். "மறுநாளே பொதைச்சிட்டோம். மழை. நான் மொகத்தப் பாக்கல." அதற்குப் பிறகு வீட்டில் அதைப் பற்றிப் பேசியதே இல்லை, இருபதைக் கடந்து, கல்யாணமும் ஆகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான மகனுக்கு, தனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதற்கு மேல் தெரியாது.

வண்டியில் திரும்பும்போதுதான் விட்டுப்போன மாதத்தின் பெயர் எனக்கு உறைத்தது. கதிர்வீச்சும் அப்போதுதான் புரிந்தது. தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது தலை நூலளவும் அசையக் கூடாது என்பதற்காக, வெந்நீரில் இளக்கிய நெகிழித் தகட்டை முகத்தின் மேல் அழுத்தி அச்செடுத்து முகமூடி செய்வார்கள். இறுகிய பிறகு அதை முகத்தில் போட்டு மேசையோடு பூட்டுவார்கள். அறையில் வேறு யாரும் இருக்க முடியாது. கனமான கதவு மூடும். வாய்வரை மண்ணில் கிடந்தவரை மூன்று நாள் அப்படிப் பூட்டியிருக்கிறார்கள். மூன்று நாள் தாங்கினார் என்பதுதான் எனக்கு வியப்பு.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை; நானும் பஞ்சால் அதையேதான் செய்தேன். ஆனால் வழிகள் இல்லாமல் இல்லை. கண்ணும் வாயும் திறந்திருக்கும்படி வெட்டிய முகமூடிகள் உண்டு. முன்கூட்டி ஒத்திகை பார்க்கலாம். கையில் ஒரு பொருளைக் கொடுத்து, அதை உயர்த்தினால் கருவியை நிறுத்துவோம் என்று சொல்லலாம். ஒலிபெருக்கியில் அவர் மொழியில் பேசிக்கொண்டிருக்கலாம். 'மூடிய இடம், முகத்தை மூடுதல், இறுக்கிப் பிடித்தல், இவற்றில் உங்களுக்கு ஒவ்வாதது உண்டா?' என்ற கேள்விக்கு 'உண்டு' என்ற ஒற்றைச் சொல் போதும்; காரணம் தேவையில்லை. முழுச் சிகிச்சையும் முடித்திருந்தால் எத்தனை மாதம் கூடியிருக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. அந்த வாய்ப்பு, அவர் வேண்டாம் என்று முடிவெடுத்ததால் போகவில்லை. அது மட்டும் உறுதி.

விறகு

மே கடைசியில், இறுதி நாட்களைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். பேசலாம் என்றார். மூக்கு வழியாகக் குழாய் வேண்டாம், மறுபடி பெரிய ஆசுபத்திரி வேண்டாம் என்ற இரண்டையும் உடனே சொன்னார். தன்னால் சொல்ல முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் மருத்துவ முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்று, 2023-இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது அரசிதழ் அலுவலர் ஒப்பமும் போதும் என்று ஆக்கியிருக்கிறது. வீட்டை விட்டு அசையப் போவதில்லை என்பதால் நாங்கள் பதிவேட்டில் எழுதி, குடும்பத்தார் முன் படித்துக் காட்டியதோடு நிறுத்திக்கொண்டோம். மூன்றாவதாக அவர் சொன்னது எந்த ஆவணத்திலும் அடங்காதது. "என்னைய மண்ணுல போடாதீங்க. எரிச்சிருங்க."

அவர்கள் வழக்கம் புதைப்பது. போதாததற்கு ஜூன் பிறந்தால் மழை. நனைந்த விறகில் பிணம் எரியாது. மகன் பங்காளிகளை அழைத்துப் பேசினான். பெரியவர் ஒருவர் வழக்கத்தை மாற்றினால் குலசாமி பொறுக்காது என்றார். இன்னொருவர் செலவுக் கணக்குச் சொன்னார். நான் வாசலில் நின்றிருந்தேன். இதில் எனக்குப் பேச இடமில்லை. அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கணவர் தலை நிமிராமல் சொன்னார்: "அவ ஒரு தடவ மண்ணுக்குள்ள கெடந்துட்டா. போதும்யா." அந்த வீட்டில் அந்த இரவைப் பற்றி எல்லோர் முன்னிலும் சொல்லப்பட்ட முதல் வாக்கியம் அது. மகன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

இரண்டே நாளில் கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் விறகு ஒரு ஜீப் சுமை வந்து இறங்கியது. திண்ணை ஓரமாக, தகரத்தின் கீழ், தார்ப்பாய் போர்த்தி அடுக்கினார்கள். சாகக் கிடப்பவர் கண்ணெதிரே விறகு அடுக்குவதா என்று லயத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எனக்கும் அடிவயிறு கலங்கத்தான் செய்தது. ஆனால் அவர் கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லி, கதவு இடைவெளி வழியாக அடுக்கு தெரியும்படி படுத்துக்கொண்டார். ஜூன், ஜூலை முழுதும் நான் போகும்போதெல்லாம் முதல் கேள்வி, "காஞ்சிருக்கா பாரு தாயி" என்பதுதான். ஒரு கட்டையை எடுத்துத் தட்டிக் காட்டுவேன். சத்தம் கேட்டுத் தலையசைப்பார்.

ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போய் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, லயத்து வீடுகள் எல்லாவற்றிலும் தொலைக்காட்சி இரவும் பகலும் அதையே காட்டியது. இந்த மலைக்கு அது வேறு ஊர்ச் செய்தி அல்ல. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் 70 பேர், பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தார், லயங்களோடு மண்ணுக்குள் போனார்கள். நான்கு பேருடைய உடல் கிடைக்கவே இல்லை. கனமழை என்ற எச்சரிக்கை வந்தாலே அன்றிரவு பாதி லயம் உடுத்திய துணியோடு உட்கார்ந்திருக்கும். வயநாட்டுச் செய்தி ஓடிய மூன்று நாளும் மருமகள் தொலைக்காட்சியை அணைத்து வைத்தாள். அடுத்த வீடுகளிலும் ஒலியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். இருந்தும் தகரத்தில் மழை விழும் சத்தத்தை யாரும் அணைக்க முடியாது. அடுத்த லயத்து அக்கா இரவில் வந்து அவர் உள்ளங்காலில் தன் கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். "தரை கெட்டியா இருக்கு" என்று அவ்வப்போது சொல்வாராம். எந்தப் பயிற்சி வகுப்பிலும் அவருக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் காய்ச்சலும் சளியும் கண்டன. இந்த முறை வந்தது உண்மையான குழப்பநிலை: மாதங்கள் தாறுமாறாயின, இல்லாத கொழுந்தைக் கம்பளியில் கிள்ளினார், மருமகளைத் தன் தாய் என்று அழைத்தார். எல்லாவற்றையும் பழைய காயத்தின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. குறைந்த அளவு ஹாலோபெரிடால் கொடுத்தோம், தணிந்தது. ஆவணி பிறந்து மூன்றாம் நாள் விடியற்காலை, கதவு ஒரு சாண் திறந்திருக்க, மூச்சு அடங்கியது.

பிறகு

உடலைக் குளிப்பாட்டும்போது நாடிக்கட்டுத் துணியோடு வந்த பெரியம்மாவை மருமகள் தடுத்தாள். வாய் திறந்தபடி இருக்கக் கூடாது என்பது முறை. என்னைப் பார்த்தார்கள். ஒரு துண்டைச் சுருட்டித் தாடைக்குக் கீழே முட்டுக் கொடுத்தேன். விறைக்கும்வரை அது போதும். வாய்க்கரிசியை நெஞ்சின் மேல் போட்டார்கள். ஒப்பாரி நெடுநேரம் நடந்தது. இந்த அம்மாவுக்காகத் தொடங்கிய பாட்டு, யாரும் எதிர்பாராத ஓர் இடத்தில், மண்ணுக்குள் போன பச்சை மண்ணைப் பாட ஆரம்பித்தது. லயத்துக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அழுது முடியும்வரை நாங்கள் யாரும் ஆறுதல் சொல்லப் போகவில்லை. விறகு நன்றாக எரிந்தது.

பதினாறாம் நாள் கருமாதியில் படையல் போடும்போது கணவர், "ரெண்டு எல போடுங்க" என்றார். இரண்டாவது இலையில் என்ன வைப்பது என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சீனி மிட்டாய் என்றார்.

உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய் வகைப்பாட்டில், இழப்புக்குப் பின் ஆறு மாதத்துக்கு மேலும் அன்றாட வாழ்வை முடக்கும் துயரத்துக்கு நீடித்த துயரக் கோளாறு என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு 2022-இல் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்தது. அந்தப் பெயரைக் கணவருக்கு நாங்கள் வைக்கவில்லை. மனைவிக்கு ஆறு மாதம் என்றால் மகளுக்கு எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? அவர் சாப்பிடுகிறார், ரேஷனுக்குப் போகிறார், பேரனைப் பள்ளி ஜீப்பில் ஏற்றிவிடுகிறார். மகன் இப்போது சில சமயம் அக்காவைப் பற்றிக் கேட்கிறான், அவர் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறார். மிஞ்சிய விறகை அடுப்புக்கு எடுக்க விடுவதில்லை. படுப்பதும் அதன் பக்கத்தில், திண்ணையில்தான். அவர் பெயர் எங்கள் வருகைப் பட்டியலில் இன்னும் இருக்கிறது. மாதம் ஒருமுறை நேரில் போகிறோம், கனமழை எச்சரிக்கை வரும் இரவுகளில் தொலைபேசியில் கூப்பிடுகிறோம். போன முறை இருமல் அதிகமாக இருந்ததால் சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். பீடியைக் குறைக்கச் சொன்னதற்கு, பார்க்கலாம் என்றிருக்கிறார்.